தலைவர் வந்துபோன மறுநாள்: புற்றுநோய் மருத்துவத்தில் எது நகர்கிறது, எது நகர்வதில்லை?

சென்னையில் புற்றுநோய் மருத்துவமனைக்குத் தலைவர்கள் வருகை தரும் வழக்கம், அந்த மருத்துவமனைக்குச் சுவர் எழும்புவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று அடையாறில் புற்றுநோய் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டியவர் அன்றைய பிரதமர் ஜவாஹர்லால் நேரு. அந்த முயற்சியின் உயிர்நாடியாக இருந்தவர், சென்னை மாகாணச் சட்டசபையில் இடம்பெற்ற முதல் பெண்மணியான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1923-ல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டி, பல ஆண்டுகள் பல கதவுகளைத் தட்டிய பிறகே அந்த அடிக்கல்லை எட்ட முடிந்தது. 1954 ஜூன் மாதம் நிலையம் 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதைக் கட்டிக் காத்தார்கள்.

நேருவின் வருகை அந்த நிலையத்துக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தது. நாட்டின் பிரதமரே வந்து கல் நாட்டிய இடம் என்றால், நன்கொடை தருபவருக்கு ஒரு நம்பிக்கை பிறக்கும். கோப்பைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிக்கும் ஒரு தயக்கம் விலகும். ஆனால் மருத்துவருக்குச் சம்பளம், மருந்துக்குப் பணம், ஊரிலிருந்து வந்த நோயாளிக்குத் தங்க இடம் ஆகிய எதையும் அந்த வருகை கொண்டுவரவில்லை. அவற்றை அந்த நிலையம் பின்வந்த பல பத்தாண்டுகளில் ஒவ்வொன்றாகப் போராடித்தான் பெற்றது. புற்றுநோய்ப் பிரிவுக்கு முதலமைச்சரோ, அமைச்சரோ, எதிர்க்கட்சித் தலைவரோ சென்று நோயாளியின் கையைப் பற்றிக்கொண்டு நிற்கும் படம் நாளிதழில் வரும்போதும், அதை ஒட்டி மருத்துவத் துறைச் சீர்திருத்தம் பற்றிய அறிவிப்பு வெளிவரும்போதும், இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகும்.

தமிழ்நாட்டில் இந்த நோய்க்கும் அரசியலுக்கும் உள்ள தொடர்பு, பார்வையாளராக வந்த தலைவரைவிட நோயாளியாக வந்த தலைவரால்தான் ஆழமாகப் பதிந்தது. முதலமைச்சராக இருந்த சி. என். அண்ணாதுரை 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பினார். ஆனால் 1969 பிப்ரவரி 3 அன்று அதே அடையாறு புற்றுநோய் நிலையத்தில் காலமானார். பெயரைச் சொல்லவே அஞ்சிய ஒரு நோயை, மாநிலமே ஒவ்வொரு நாளும் வானொலிச் செய்தியில் எதிர்பார்த்துக் கேட்ட காலம் அது. அவர் நினைவாக அவருடைய சொந்த ஊரான காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை அமைந்தது. வடமாவட்டங்களின் ஏழை நோயாளிகளுக்கு அது இன்றுவரை பெரும் புகலிடம். ஒரு தலைவரின் நோய் ஒரு நிறுவனமாக மாறியதற்கு இதைவிட நேரடியான சான்று வேறில்லை. அதற்குப் பின் வந்த தலைவர்கள் தங்கள் சொந்தச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளையோ வெளிநாட்டையோ நாடியதால், அரசு மருத்துவமனையை உள்ளிருந்து பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைந்துபோனது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஒரு புற்றுநோய்ப் பிரிவுக்குத் தலைவர் வரும் நாளில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கீமோ எனப்படும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சை கொடுக்கும் பகல்நேரப் பிரிவில் நோயாளி காலையில் வந்ததும் முதலில் இரத்தம் எடுப்பார்கள். வெள்ளணுக்களின் எண்ணிக்கை போதுமான அளவு இருந்தால்தான் அன்றைக்கு மருந்து ஏறும். இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். பரிசோதனை முடிவு வந்த பிறகு மருத்துவர் அளவைக் கணக்கிட்டுச் சீட்டு எழுதுவார். காப்பீட்டு ஒப்புதல் வர வேண்டும். மருந்தைக் கலந்து தயாரிக்க வேண்டும். அதன் பிறகு இரண்டு மணி நேரமோ ஆறு மணி நேரமோ சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். சுழற்சி பெரும்பாலும் 21 நாட்களுக்கு ஒரு முறை. இந்த வரிசையில் நடுவே இரண்டு மணி நேரம் மின்தூக்கி மறிக்கப்பட்டு, தலைமை மருத்துவரும் துறைத் தலைவர்களும் வாசலில் காத்திருந்தால், செங்கல்பட்டிலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ முதல் ரயிலில் வந்தவர் கடைசி ரயிலுக்குத் திரும்ப முடியாமல் போகும்.

இரண்டாவது சிக்கல் தொற்று. கீமோ எடுப்பவருக்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும் நாட்களில் சாதாரணச் சளியும் உயிருக்கு உலை வைக்கும். அதனால்தான் அந்தப் பிரிவுகளில் பார்வையாளரை ஒருவருக்கு மேல் விடுவதில்லை. பூங்கொத்தையும் தோலோடு உண்ணும் பழங்களையும் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. நம் வழக்கமோ, நோயாளியைப் பார்க்கப் போனால் ஆப்பிளும் சாத்துக்குடியும் நிரம்பிய கூடையைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது. கூடவே கட்சிக்காரர்கள், பாதுகாவலர்கள், ஒளிப்பதிவாளர்கள் என முப்பது பேர் செருப்போடு நுழைவார்கள். 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பிரிட்டனில் தேசிய சுகாதார சேவையை மாற்றியமைக்கும் மசோதா சூடான விவாதத்தில் இருந்த நேரத்தில், பிரதமர் டேவிட் கேமரூனும் துணைப் பிரதமர் நிக் கிளெக்கும் லண்டன் கைஸ் மருத்துவமனையில் நோயாளியிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே வந்த அறுவை மருத்துவர் ஒருவர், உடன் வந்த படப்பிடிப்புக் குழுவினர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிடாததைக் கண்டு சத்தம் போட்டு, அவர்களை வெளியே போகச் சொன்னார். தொற்றுத் தடுப்புக்கான அந்த விதி எல்லாருக்கும் பொது என்பதே அவருடைய வாதம். கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்ததால் உலகமே அதைப் பார்த்தது. நம் ஊரில் ஒரு முதுநிலை மருத்துவர் அப்படிப் பேசிவிட்டு அதே பணியிடத்தில் நீடிப்பாரா என்பது வேறு கேள்வி.

மூன்றாவது, நோயாளியின் முகம். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிமுறைகள், நோயாளியின் அனுமதியின்றி அவரை அடையாளம் காட்டும் படத்தையோ விவரத்தையோ வெளியிடக் கூடாது என்று மருத்துவரைத் தடுக்கின்றன. தலைவரோடு வரும் ஒளிப்பதிவாளருக்கு அந்த விதி பொருந்தாது. தலைமுடி உதிர்ந்த நிலையில் கட்டிலில் சாய்ந்திருக்கும் ஒரு பெண், தனக்கு நோய் இருப்பதைக் கணவர் வீட்டாரிடம்கூடச் சொல்லாதவராக இருக்கலாம். மகள் கல்யாணம் தடைபடும் என்ற அச்சத்தில் சிகிச்சையையே மறைத்து வருபவராக இருக்கலாம். அவரிடம் கேட்டால் மறுக்க மாட்டார். மறுக்கும் நிலையில் அவர் இல்லை என்பதுதான் சிக்கலே.

இவ்வளவு இருந்தும் இத்தகைய வருகைகளை வெறும் கண்துடைப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. வருகைக்கு ஒரு வாரம் முன்பு, ஆறு மாதமாகப் பழுதாகிக் கிடந்த கழிப்பறைக் குழாய் சரியாகும். பெயர்ப் பலகை எழுதப்படும். நிதித் துறையில் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்த கோப்பு மேலே வரும். அரசு இயந்திரம் அப்படித்தான் ஓடுகிறது. எந்தக் கோப்பு மேலே வருகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. திறப்பு விழா நடத்தக்கூடிய பொருளுக்கான கோப்பே பெரும்பாலும் முந்திக்கொள்கிறது: கட்டடம், இயந்திரம், அவசர ஊர்தி.

கதிர்வீச்சு இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். நோயாளிகள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிரியக்கச் சிகிச்சை, புற்றுநோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏதேனும் ஒரு கட்டத்தில் தேவைப்படுகிறது. பழைய கோபால்ட் இயந்திரத்தின் கதிர்வீச்சு மூலப்பொருள் சுமார் ஐந்தேகால் ஆண்டுகளில் பாதி வலிமையை இழந்துவிடும். மூலப்பொருளை மாற்றாவிட்டால் ஒவ்வொரு நோயாளியும் படுத்திருக்கும் நேரம் நீளும். நாள் ஒன்றுக்குப் பார்க்கும் எண்ணிக்கை குறையும். இன்று அதன் இடத்துக்கு வந்திருக்கும் லீனியர் ஆக்சிலரேட்டர் மின்சாரத்தில் இயங்குவது; துல்லியம் மிக்கது; விலையும் பல கோடி. அதை வைப்பதற்கு ஒரு மீட்டருக்கும் மேல் தடித்த கான்கிரீட் சுவர் வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். கதிர் அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளர், இயக்கும் தொழில்நுட்பர், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் வேண்டும். தடையற்ற மின்சாரமும் குளிரூட்டலும் வேண்டும். உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும். நாடாவை வெட்டித் திறந்து வைக்கக் கூடியது இவற்றில் இயந்திரம் ஒன்றுதான். மற்றவை எல்லாம் பணியிட ஒப்புதல், தேர்வாணையம், பராமரிப்புத் தலைப்பில் நிதி ஒதுக்கீடு என்று பல மேசைகளில் சிதறிக் கிடப்பவை. ஒரு பணியிடம் காலியாக இருந்தாலும் இயந்திரம் ஒரு ஷிப்டோடு நின்றுவிடும். இரண்டு ஷிப்டு ஓடினால் காத்திருப்போர் வரிசை கணிசமாகச் சுருங்கும். பத்து லட்சம் மக்களுக்கு ஓர் இயந்திரமாவது வேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்படும் அளவுகோலை வைத்து எண்ணிக்கையை மட்டும் பேசும்போது, அந்த இயந்திரம் நாளுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்ற கேள்வி விட்டுப்போகிறது.

நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தச் சிகிச்சை வாரத்தில் ஐந்து நாள் வீதம் மூன்று முதல் ஏழு வாரம் வரை நீளும். ஒவ்வொரு நாளும் உள்ளே இருப்பது கால் மணி நேரம்தான். வாய், தொண்டைப் புற்றுநோய் உள்ளவருக்கு முகத்தின் அளவுக்கே வார்த்த வலைபோன்ற ஒரு முகமூடியை மாட்டி, தலை அசையாதபடி மேசையோடு பூட்டுவார்கள். மற்றவர்களுக்குத் தோலின் மேல் மையால் கோடு போட்டு, குளிக்கும்போது அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். சில வாரங்களில் தொண்டை புண்ணாகிக் கஞ்சிகூட இறங்காது. அந்தக் கால் மணி நேரத்துக்காக விழுப்புரத்துக்காரர் ஒருவர் ஆறு வாரம் சென்னையில் தங்க வேண்டும். கூட வரும் மனைவியோ மகனோ அத்தனை நாளும் கூலியை இழக்க வேண்டும். ரயிலில் புற்றுநோயாளிக்குக் கட்டணச் சலுகை உண்டு; தொண்டு அமைப்புகள் நடத்தும் விடுதிகள் சில உண்டு. மற்றபடி மருத்துவமனை வளாகத்து மரத்தடியும், வெளியே நாள் வாடகைக்கு விடும் அறையும்தான். 'பாதியில் சிகிச்சையை விட்டுவிட்டார்' என்று கேஸ் ஷீட்டில் எழுதப்படும் பலருடைய கதை, நோயைவிட இந்த வாடகைக் கணக்கால் முடிந்துபோன கதைதான்.

காப்பீட்டுத் திட்டம் இந்த இடத்தில்தான் தன் எல்லையை எட்டுகிறது. 2009 ஜூலையில் மு. கருணாநிதி ஆட்சியில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆட்சி மாறியதும் ஜெ. ஜெயலலிதா அரசு 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு அது இணைக்கப்பட்டு, குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி பிறந்தது. ஆண்டு வருமான வரம்பும் 72,000 ரூபாயிலிருந்து பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பெயர் மாறினாலும் உள்ளடக்கம் தொடர்ந்து வந்திருக்கிறது என்பது தமிழ்நாட்டு அரசியலில் பாராட்டத்தக்க ஒரு பழக்கம். அட்டையில் யார் படம் இருக்க வேண்டும் என்பதில் மட்டுமே சண்டை. இந்தத் திட்டத்தால், முன்பு தாலியையோ நிலத்தையோ அடகு வைத்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட குடும்பங்களுக்குப் பெரும் சுமை இறங்கியிருக்கிறது. அரசு மருத்துவமனையும் தான் அளிக்கும் சிகிச்சைக்குக் காப்பீட்டிலிருந்து பணம் பெறுவதால், அந்தப் பணத்தில் கருவிகளும் மருந்துகளும் வாங்க முடிகிறது.

ஆனால் காப்பீடு பேசும் மொழி சிகிச்சைத் தொகுப்புகளின் மொழி. இந்த அறுவைக்கு இவ்வளவு, இந்தக் கீமோ சுழற்சிக்கு இவ்வளவு என்று விலை நிர்ணயித்துத் தரும். ரயில் நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு ஆகும் ஆட்டோ கட்டணமும், ஆறு வார அறை வாடகையும், இழந்த கூலியும் அந்தப் பட்டியலில் இல்லை. தொகுப்புக்குள் அடங்காத விலையுயர்ந்த புதிய மருந்தை மருத்துவர் எழுதும்போது, அந்தக் குடும்பம் பழைய இடத்துக்கே திரும்புகிறது. மேலும், காப்பீடு என்பது நோய் உறுதியான பிறகு திறக்கும் கதவு. நோய் உறுதியாவதற்கு முன் கழியும் மாதங்கள் அதன் கணக்கில் வருவதில்லை.

அந்த மாதங்களைத்தான் சீர்திருத்தம் பேசுவோர் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வியாசர்பாடியிலோ எண்ணூரிலோ இருக்கும் ஒரு பெண் மார்பில் கட்டியைக் கவனிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வலி இல்லாததால் சில மாதம் பொறுத்துப் பார்க்கிறார். பிறகு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ சீட்டு எழுதித் தருகிறார்கள். அங்கே ஒரு நாள் வெளிநோயாளி வரிசை, இன்னொரு நாள் ஸ்கேன், வேறொரு நாள் சதைப் பரிசோதனை. சதையின் துணுக்கு நோய்க்குறியியல் துறைக்குப் போய், மெழுகில் பதிக்கப்பட்டு, சீவப்பட்டு, சாயமேற்றப்பட்டு, நுண்ணோக்கியில் பார்க்கப்பட்டு அறிக்கையாக வர வேண்டும். கட்டி ஹார்மோனால் தூண்டப்பட்டு வளர்வதா என்று அறிய அடுத்தகட்டச் சோதனை தனி. அதன்பின் அறுவை, கீமோ, கதிர்வீச்சு மருத்துவர்கள் கூடி எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் 'அடுத்த வாரம் வாங்க' என்ற ஒரே பதில் கிடைத்தால், இரண்டாம் நிலையில் இருந்த கட்டி மூன்றாம் நிலைக்குப் போவதற்கு யாரும் தனியாகத் தவறு செய்ய வேண்டியதில்லை. நோய்க்குறியியல் ஆய்வகத்தில் ஒரு தொழில்நுட்பர் பற்றாக்குறை என்பது எந்தத் தலைவரின் வருகைத் திட்டத்திலும் இடம்பெறாது. ஆனால் மாவட்டம் முழுவதன் சிகிச்சையையும் அது தாமதப்படுத்திவிடும்.

பிரிட்டன் இந்தத் தாமதத்தை எண்ணத் தொடங்கியது 2000-ஆம் ஆண்டை ஒட்டி. புற்றுநோய் என்று குடும்ப மருத்துவர் சந்தேகித்தால் இரண்டு வாரத்துக்குள் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும், அவசரப் பரிந்துரையிலிருந்து முதல் சிகிச்சை வரை 62 நாட்களுக்கு மேல் போகக் கூடாது என்றெல்லாம் இலக்குகள் வகுக்கப்பட்டன. இங்கிலாந்து அந்த 62 நாள் இலக்கைப் பல ஆண்டுகளாகத் தவறவிட்டுக்கொண்டிருக்கிறது என்பது உண்மை. ஆனால் தவறவிடுகிறது என்று நமக்கே தெரியும் அளவுக்கு அந்தக் கணக்கு மாதந்தோறும் மருத்துவமனை வாரியாக வெளியாகிறது. அதை வைத்து எதிர்க்கட்சி கேள்வி கேட்கிறது, நாளிதழ் தலைப்பு எழுதுகிறது. நம் மருத்துவமனைகளில் ஆண்டுக்கு எத்தனை அறுவை, எத்தனை கீமோ, எத்தனை ஸ்கேன் என்ற எண்ணிக்கை பெருமையோடு அறிவிக்கப்படுகிறது. முதல் சீட்டுக்கும் முதல் சிகிச்சைக்கும் இடையே எத்தனை நாள் என்ற கணக்கு அந்த அறிவிப்புகளில் இடம்பெறுவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இப்படிப்பட்ட சத்தமில்லாத வேலைகள் புதியவை என்று யாரும் சொல்ல முடியாது. சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு 1981-ல் தொடங்கப்பட்டது. மும்பை, பெங்களூருவோடு நாட்டின் தேசியப் பதிவேட்டுத் திட்டத்தின் முதல் வரிசையில் இருந்தது. அடையாறு நிலையத்தின் பணியாளர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்று, நோயாளி விவரங்களைத் திரட்டி, மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, ஒரே ஆள் இரண்டு முறை எண்ணப்படாமல் சலித்தெடுத்து எழுதிய ஏடு அது. சென்னைப் பெண்களிடையே 1980-களில் முதலிடத்தில் இருந்த கருப்பை வாய்ப் புற்றுநோய் மெல்லக் குறைந்து, அந்த இடத்துக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது என்பதை நாம் அறிந்தது அந்த ஏட்டிலிருந்துதான். எதற்குத் தடுப்பூசி, எதற்குப் பரிசோதனை முகாம், எங்கே இயந்திரம் என்ற முடிவுகளுக்கெல்லாம் அடித்தளம் அதுவே.

அடுத்தது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை ஒரே இடத்தில் மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகிறது. வந்து சேரும் ஒவ்வொரு தொகுதி மருந்தையும் தர ஆய்வுக்கு அனுப்புகிறது. மாவட்டக் கிடங்குகளின் வழியே அனுப்பிவைக்கிறது. எந்த மருத்துவமனைக்கு எவ்வளவு தொகைக்கு மருந்து எடுக்க உரிமை உண்டு என்பதைப் பாஸ்புக்கில் பதிந்துவைக்கும் முறையையும் அது கொண்டுவந்தது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. ஏழை நோயாளியின் கையில் இலவசமாகக் கிடைக்கும் கீமோ மருந்துக்குப் பின்னால், கிடங்கில் இருப்பு தீரும் முன்பே ஆணை போட்ட ஒரு எழுத்தர் இருக்கிறார்.

இந்தியாவின் புற்றுநோய் மருந்து விலையில் மிகப் பெரிய திருப்பங்களுள் ஒன்றும் சென்னையிலேதான் தொடங்கியது என்பது பலருக்கு நினைவிருக்காது. இரத்தப் புற்றுநோயின் ஒரு வகைக்குப் பயன்படும் கிளிவெக் என்ற மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. பழைய மூலக்கூறின் புதிய வடிவம், சிகிச்சைப் பயனில் மேம்பாட்டைக் காட்டாவிட்டால் காப்புரிமை இல்லை என்று சொல்லும் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவே அந்த மறுப்புக்கு முக்கிய ஆதாரம். அந்தப் பிரிவையே எதிர்த்து நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் காப்புரிமை மறுப்பை உறுதிசெய்தது. மாதத்துக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய மருந்தை, உள்நாட்டு நிறுவனங்கள் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் தொடர்ந்து விற்க வழி நிலைத்தது. 2019-ல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக லாபத்தை 30 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியபோதும் பல மருந்துகளின் விலை சரிந்தது. காப்புரிமை அலுவலகத்துக்கோ விலை ஆணையத்துக்கோ எந்தத் தலைவரும் பழக்கூடையோடு போவதில்லை.

நோயை முன்கூட்டியே கண்டறியும் பணியில் மாநிலம் அண்மை ஆண்டுகளில் வேகம் காட்டியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் ஒரு பணியாளர் வலையை உருவாக்கியது. வாய், மார்பகம், கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு மக்களை அழைத்துவர அந்த வலை கைகொடுக்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போடும் திட்டம் அறிவிக்கப்பட்டது. கருப்பை வாய்ப் பரிசோதனையைச் செவிலியரே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில நிமிடங்களில் செய்துவிட முடியும். ஐயம் எழுந்தால் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்வார்கள். பலர் நழுவிப்போவது அங்கேதான். வலி எதுவும் இல்லாத ஒரு பெண், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, தெரியாத மருத்துவமனையில், தெரியாத வரிசையில், சொல்லக் கூச்சப்படும் ஒரு காரணத்துக்காக நிற்க வேண்டும். எத்தனை லட்சம் பேருக்குப் பரிசோதனை செய்தோம் என்ற எண் மேடையில் நன்றாக ஒலிக்கும். ஐயம் எழுந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்ற எண்தான் உயிர்களைச் சொல்லும்.

2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில், புற்றுநோய்ப் பிரிவு மருத்துவர் ஒருவரை, அங்கே சிகிச்சை பெற்ற பெண்ணின் மகன் கத்தியால் குத்தினார். மருத்துவர் உயிர் பிழைத்தார். தலைவர்கள் விரைந்து வந்தார்கள். மருத்துவர் சங்கங்கள் போராடின. மருத்துவமனைகளில் பாதுகாப்பு கூட்டப்பட்டது. நோயாளியுடன் இருப்பவர்களுக்குக் கையில் அடையாளப் பட்டை கட்டும் முறை பேசப்பட்டது. அந்தக் கொடுஞ்செயலை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது, பாதுகாப்பும் அவசியம்தான். ஆயினும் புற்றுநோய்ப் பிரிவில் பேச்சுக்கு ஆகும் நேரத்தைப் பற்றி அந்த நாட்களில் போதுமான அளவு பேசப்படவில்லை. மருந்து ஏன் வாந்தியைக் கொண்டுவருகிறது, கட்டி சுருங்கியும் ஏன் மூச்சு வாங்குகிறது, இனி குணமாக்கும் சிகிச்சை இல்லை, வலியைக் குறைக்கும் சிகிச்சைதான் என்பதை எப்படிச் சொல்வது என்பவற்றுக்கெல்லாம் ஒரு குடும்பத்துக்கு அரை மணி நேரமாவது வேண்டும். வெளிநோயாளிப் பிரிவில் ஒரு காலைப் பொழுதில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பார்க்க வேண்டிய மருத்துவரிடம் அந்த அரை மணி நேரம் இருக்காது. நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கும் ஆலோசகர்களுக்கும் தனிப் பணியிடங்களை உருவாக்குவது, வாசலில் காவலரை நிறுத்துவதற்கு இணையான பாதுகாப்பு நடவடிக்கையாகவே கருதப்பட வேண்டும்.

மத்திய அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை, மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்றும், அவற்றில் 200 அந்த ஆண்டிலேயே வரும் என்றும் அறிவித்தது. முதல் கீமோவைச் சென்னையில் போட்டுக்கொண்டவர் அடுத்த சுழற்சிகளைத் தம் மாவட்டத்திலேயே போட்டுக்கொள்ள முடிந்தால், ரயில் பயணமும் அறை வாடகையும் மிச்சம். சென்னை மருத்துவமனைகளில் நெரிசலும் குறையும். ஆனால் மருந்தைப் பாதுகாப்பாகக் கலக்கப் பயிற்சி பெற்ற செவிலியர், அதற்கான தனி அறை, வெள்ளணு எண்ணிக்கையைக் காலை பத்து மணிக்குள் சொல்லும் ஆய்வகம், ஒவ்வாமை வந்தால் அழைக்கக்கூடிய மருத்துவர் ஆகிய நான்கும் இருந்தால்தான் அந்த அறை கீமோ மையம். இல்லையென்றால் அது பத்து நாற்காலிகள் போட்ட ஒரு கூடம். மருத்துவம் அரசமைப்புச் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருப்பதால், அந்த நான்கையும் நிரப்புவது பெரும்பாலும் மாநில அரசின் பொறுப்பு. ஆகவே, இனி ஏதேனும் ஒரு புற்றுநோய்ப் பிரிவைத் தலைவர் ஒருவர் பார்வையிட்டுவிட்டு வந்து புதிய மையத்தையோ இயந்திரத்தையோ அறிவிக்கும்போது, அறிவிப்போடு சேர்ந்து பணியிடங்களுக்கான அரசாணை வெளியாகிறதா, அதில் மருத்துவ இயற்பியலாளருக்கும் ஆய்வகத் தொழில்நுட்பருக்கும் எத்தனை இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, பராமரிப்புச் செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் வருகிறது என்று செய்தியாளர்கள் அங்கேயே கேட்கலாம். அந்தக் கேள்விகளுக்கான பதிலைத் துறைச் செயலாளர் தம் கோப்பிலேயே வைத்திருப்பார்.